அன்னாசி தலைகீழ் குக்கீ: வீட்டு ஓவனில் செய்ய முழுமையான வழிகாட்டி

குக்கீ மாவின் மேல் பழத்துண்டை வைத்து ஓவனுக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். மாவு இளகிப் பரவும்போது பழம் ஒரு பக்கமாகச் சரியும். சாறு நடுவில் இறங்கிவிடும். ஓரம் சிவந்த பிறகும் நடுப்பகுதி மட்டும் பச்சை மாவாக நிற்கும். பழத்தின் மேல்பக்கம் காய்ந்து சுருங்கியிருக்கும்.

அதே பொருள்களை வரிசை மாற்றி அடுக்குங்கள். அடியில் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும், அதன் மேல் பழம், எல்லாவற்றுக்கும் மேலே மாவு. இப்போது சூடான தகட்டை ஒட்டிக் கிடக்கும் பழம் சாறு விடும். அந்தச் சாறு சர்க்கரையோடு சேர்ந்து கொதித்துப் பாகாகும். மேலே இருக்கும் மாவு ஓவனின் சூடான காற்றில் தடையில்லாமல் வேகும். வெந்ததும் கவிழ்த்தால், பாகு பூசிப் பளபளக்கும் பழம் மேலே வந்து நிற்கும்.

இந்த முறைக்கு மூலம் அமெரிக்க வீடுகளின் தலைகீழ் கேக். அடுப்பில் வைத்த கனமான இரும்புச் சட்டியில் பழத்தையும் சர்க்கரையையும் பரப்பி, மேலே மாவை ஊற்றி, வெந்ததும் தட்டில் கவிழ்ப்பது அங்கே பழைய பழக்கம். அதை அன்னாசியோடு பிரிக்கமுடியாமல் பிணைத்தது ஹவாய்த் தீவுகளின் டப்பாத் தொழில். ஜேம்ஸ் டோல் என்பவர் 1901-இல் அங்கே அன்னாசி நிறுவனம் தொடங்கினார். அவருக்காக ஹென்றி ஜினாக்கா 1911-இல் வடிவமைத்த இயந்திரம் பழத்தின் தோலைச் சீவி நடுத்தண்டையும் எடுத்துவிட்டது. வட்ட வட்டமான அன்னாசி வளையங்கள் டப்பாவில் அடைபட்டு வீடுவீடாகப் போயின. 1925-இல் அந்த நிறுவனம் அன்னாசிச் சமையல் குறிப்புப் போட்டி நடத்தியபோது ஏறத்தாழ 60,000 குறிப்புகள் வந்ததாகவும், அவற்றில் 2,500 அன்னாசி தலைகீழ் கேக் பற்றியவை என்றும் சொல்வார்கள். அந்தக் கேக்கின் கையடக்க வடிவம்தான் நாம் செய்யப்போகும் குக்கீ.

நான் முதல் தடவை செய்தபோது டப்பா அன்னாசியைச் சாறு மட்டும் வடித்துவிட்டு அப்படியே வைத்தேன். கவிழ்த்ததும் ட்ரேயிலிருந்து தண்ணீர் போன்ற பாகு ஓடியது. பழம் வெளிறிக் கிடந்தது, குக்கீயின் அடி ஊறிப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒரே வரியில் சொன்னார்: "அன்னாசியப் பச்சையாப் போட்டா தண்ணி விடும்டி. நான் கேசரிக்கு வதக்கித்தானே போடுவேன்?" இந்த வழிகாட்டியின் உயிர்நாடி அந்த ஒரு வரிதான். மாவு, சர்க்கரை, ஓவன் எல்லாம் அப்புறம். பழத்தின் தண்ணீரை முதலில் கவனியுங்கள்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம்?

அன்னாசியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரை கேரமலாகி நிறமும் மணமும் கொடுக்க 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். ஆனால் பாகில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஓவனின் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அந்த ஆவி மேலே இருக்கும் மாவுக்குள் ஏறி அதையும் நனைக்கும். ஆக, பழத்தில் தண்ணீர் மிகுந்தால் பாகும் கெடும், குக்கீயும் கெடும்.

தேவையானவை (12 குக்கீக்கு)

பழ அடுக்குக்கு: தோல் சீவிய அன்னாசி 250 கிராம், உருக்கிய வெண்ணெய் 35 கிராம், நாட்டுச் சர்க்கரை 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, விருப்பமிருந்தால் 12 செர்ரி.

மாவுக்கு: உப்பு சேர்க்காத வெண்ணெய் 90 கிராம், பொடித்த சர்க்கரை 65 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, மைதா 150 கிராம், கார்ன் ஃப்ளார் 15 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். முட்டை வேண்டாம் என்றால் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் பால்.

தராசு இல்லாதவர்களுக்கு: மைதா ஒன்றேகால் கப், நாட்டுச் சர்க்கரை ஐந்து டேபிள்ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மைதாவைக் கப்பில் அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தூவி அள்ளினால் வேறொரு எடை. குக்கீயில் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

வெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு உணவு விதிப்படி கடைகளில் விற்கும் டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் ஈரம் இதைவிட அதிகம் தங்கும். அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, சுத்தமான துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு போட்ட வெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் மாவில் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரையைச் சலித்துவிட்டு எடுங்கள். கட்டியும் மண்ணும் இருக்கலாம். வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம், ஆனால் அந்தக் கரும்பு மணம் வராது. கருப்பட்டித் தூள் அன்னாசியை அமுக்கிவிடும்; அதை வாழைப்பழத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செர்ரி என்று பேக்கரிப் பொருள் கடையில் சிவப்பாக விற்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றிய களாக்காய். ருசியில் குறையொன்றும் இல்லை. பாகைக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் சிவப்பு நிறம் அன்னாசி முழுக்கப் பரவிவிடும்.

படி 1: பழத்தை வாட்டுதல்

அன்னாசியின் தோலைச் சீவி, கண்களை நோண்டி எடுத்து, அரை சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக நறுக்குங்கள். இதைவிடத் தடிமனாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாது. மெலிந்தால் பாகில் கரைந்து நார் மட்டும் மிஞ்சும். நடுத்தண்டை வெட்டி எடுத்துத் தனியே வையுங்கள். இந்தக் குக்கீயைச் சின்னக் குழிகள் கொண்ட மஃபின் ட்ரேயில்தான் செய்யப்போகிறோம். சாதாரண மஃபின் ட்ரேயின் குழி அடியில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலம்தான். முழு வில்லை அதில் உட்காராது. ஒவ்வொரு வில்லையையும் விசிறி விசிறியாகச் சின்ன முக்கோணத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள்.

தோசைக்கல்லை மிதமான தீயில் காயவிட்டு, எண்ணெய் எதுவும் ஊற்றாமல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். முதலில் 'சொய்' என்று பெரிய சத்தம் வரும். துண்டைச் சுற்றி மஞ்சள் சாறு நுரைத்துக் கொதிக்கும். இரண்டு நிமிடத்தில் அந்தச் சத்தம் மெல்ல அடங்கும். நுரை வற்றிக் கல்லில் ஒட்டும் பசையாக மாறும். அப்போது திருப்பிப் போட்டு இன்னும் ஒன்றரை நிமிடம். பழம் சற்றுச் சுருங்கி, ஆழ்ந்த மஞ்சளாகி, விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஈரமாக இருக்கக் கூடாது. எடையில் கால் பங்கு குறைந்திருந்தால் போதும். சுத்தமான துணியில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு வைத்தால் மாவின் வெண்ணெய் அடியிலேயே உருகி ஓடும்.

டப்பா அன்னாசி என்றால் வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றி, பிறகு இதே வாட்டல். அது ஏற்கெனவே வெந்தது என்பதால் சீக்கிரமே குழையும். கல்லில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

படி 2: மாவு

வெண்ணெய் அறைச் சூட்டில் இளகியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், உருகி மினுங்கக் கூடாது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் பத்து நிமிடத்திலேயே அது கைமீறிவிடும், கண் வைத்திருங்கள். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் மரக்கரண்டியால் ஒரு நிமிடம் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டாம். காற்று அதிகம் சேர்ந்தால் குக்கீ பொங்கி, பழத்தை விட்டு விலகி நிற்கும்.

மஞ்சள் கரு, வெனிலா சேர்த்துக் கலந்து, மைதா, கார்ன் ஃப்ளார், பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் சலித்துக் கொட்டுங்கள். கையால் கூட்டிச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவைப் போல் பிசையவே கூடாது. பிசையப் பிசைய மைதாவில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இறுகி, கடித்தால் ரப்பர் போல் இழுக்கும். கார்ன் ஃப்ளார் சேர்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான்: அதில் குளூட்டன் இல்லாததால் மாவு மொத்தமும் மென்மையாகும். பால் சேர்த்துச் செய்பவர்கள் ஒரேயடியாக ஊற்றாமல் கடைசியில் மாவு சேரும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள்.

மாவை 12 உருண்டைகளாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 27, 28 கிராம் வரும். குழியின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டி, தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் 20 நிமிடம் குளிரவிடுங்கள்.

படி 3: அடுக்குதல்

ஓவனை இப்போதே 175 டிகிரியில் காயவிட்டுவிடுங்கள். ஓடிஜி (மின்கம்பியால் சூடாகும் சின்ன மேசை ஓவன்) என்றால் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும், ட்ரே நடுத்தட்டில். கீழ்க்கம்பி எரியாவிட்டால் பாகு உருவாகாது.

என் ஓடிஜியின் முகப்பில் 180 என்று திருகினால் உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 205 காட்டியது. அது தெரியாமல் மூன்று முறை பாகைக் கருக்கினேன். ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் எல்லா பேக்கிங்குக்கும் அது உதவும்.

பட்டர் பேப்பரில் 5 சென்டிமீட்டர் வட்டங்கள் 12 வெட்டி, குழிகளின் அடியில் போடுங்கள். பக்கச் சுவர்களில் வெண்ணெய் தடவுங்கள். வட்டம் வெட்டுவது சலிப்பான வேலைதான், ஆனால் கவிழ்க்கும்போது ஒரு பழம்கூட ஒட்டாமல் வரும். உருக்கிய வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, உப்பு மூன்றையும் குழைத்து, குழிக்கு ஒரு டீஸ்பூன் நிறையப் போட்டு விரல் நுனியால் பரப்புங்கள்.

அதன் மேல் வாட்டிய துண்டுகளை, கூர்முனை நடுவைப் பார்க்கும்படி இதழ்களைப் போல் நான்கைந்து அடுக்குங்கள். நடுவில் செர்ரி. பிறகு மேலே தெரியப்போவது இப்போது அடியில் இருக்கும் பக்கம். அதனால் நன்றாகச் சிவந்த, அழகான முகத்தைக் கீழ்நோக்கி வையுங்கள். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் மாவு அதில் இறங்கிப் பழத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே கொஞ்சம் இடம் விடலாம்.

குளிர்ந்த மாவு வட்டத்தை மேலே வைத்து உள்ளங்கையால் மென்மையாக அழுத்துங்கள். பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றிலும் நான்கு துளை போடுங்கள். கீழிருந்து வரும் ஆவி அந்த வழியாக வெளியேறும். இதைச் செய்யாதபோது நடுவில் ஈர வட்டம் ஒன்று நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 4: பேக் செய்தல்

22 முதல் 25 நிமிடம். ஆனால் கடிகாரத்தைவிட ஓரத்தில் கொப்பளிக்கும் பாகை நம்புங்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் பார்த்தால் மாவின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்கும். அது இன்னும் தண்ணீர் வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம். இருபதாவது நிமிடத்துக்கு மேல் கொப்புளங்கள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து, ஒவ்வொன்றாக உடையும். நிறம் தேனிலிருந்து கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருக்கும். வெண்ணெயும் வெல்லமும் கலந்த மணம் கூடம்வரை வரும். குக்கீயின் மேல்பக்கம் வெளிர் பொன்னிறத்திலும் ஓரம் நல்ல பொன்னிறத்திலும் இருந்தால் எடுத்துவிடலாம். தொட்டால் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது இறுகும்.

படி 5: கவிழ்த்தல்

ட்ரேயை வெளியே எடுத்து நான்கு நிமிடம் அப்படியே விடுங்கள். எடுத்தவுடன் கவிழ்த்தால் பாகு ஓடும், குக்கீயும் உடையும். பத்து நிமிடம் தாண்டினால் பாகு கண்ணாடியாக இறுகிக் குழியைக் கவ்விக்கொள்ளும். இந்த நான்கு நிமிடத்தில் குக்கீ தன் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், பாகு இன்னும் இளக்கமாக இருக்கும்.

ட்ரேயைவிடப் பெரிய தட்டையான தகட்டில் பட்டர் பேப்பர் விரித்து, மஃபின் ட்ரேயின் மேல் கவிழ்த்து மூடுங்கள். இரண்டு கையிலும் தடித்த துணியோ உறையோ பிடித்து, இரண்டையும் சேர்த்து இறுக்கி, தயங்காமல் ஒரே வீச்சில் திருப்புங்கள். ட்ரேயின் முதுகில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு. பத்து நொடி பொறுத்து, ஒரு முனையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். பட்டர் பேப்பர் வட்டங்களை உடனே உரித்துவிடுங்கள். ஏதாவது ஒரு பழத்துண்டு குழியிலேயே தங்கியிருந்தால் கத்தி நுனியால் எடுத்து அதன் இடத்தில் பதியவைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நேரத்தில் குழந்தைகள் அடுப்படியில் இருக்க வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்தோடிவிடும். சர்க்கரைப் பாகு பட்டால் தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மஞ்சள், மாவு, பற்பசை எதையும் அப்பாதீர்கள்.

நேரம் தவறி ட்ரே ஆறிப்போனால் குக்கீயை நோண்டி எடுக்க வேண்டாம். ஓவனில் 150 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் பாகு மறுபடி இளகும். ஒரு நிமிடம் பொறுத்துக் கவிழ்த்துவிடலாம்.

கவிழ்த்த குக்கீகளைக் கம்பி வலைக்கு மாற்றி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு சாப்பிட ஆசை வரும். ஆறிய பிறகுதான் அடி மொறுமொறுப்பாகும்.

எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க

பாகு வெளிறி ஓடினால், வாட்டல் போதவில்லை அல்லது ஓவன் சூடாகும் முன்பே ட்ரேயை வைத்துவிட்டீர்கள். ஓரம் கருகி நடு வேகாமல் இருந்தால், ஓவன் சூடு அதிகம். 10 டிகிரி குறைத்து ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பழம் தனி, குக்கீ தனி என்று பிரிந்து வந்தால், மாவை அழுத்தவில்லை, அல்லது பழத்தை இடைவெளியே இல்லாமல் தளம் போட்டதுபோல் அடுக்கிவிட்டீர்கள். பாகில் மணல் போல் நறநறப்பு இருந்தால் சர்க்கரை முழுதாகக் கரையவில்லை. அடுத்த முறை வெண்ணெயோடு கலந்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும் முறை) இருந்தால் 170 டிகிரி, தாழ்வான ஸ்டாண்டில் வைக்கலாம். சாதாரண மைக்ரோவேவ் முறையில் உலோக ட்ரேயை வைக்கவே கூடாது. அடிகனமான அகலப் பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் காயவிட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணங்களிலும் செய்யலாம். குறைந்த தீயில் 30, 35 நிமிடம் ஆகும். இதில் சூடு கீழிருந்தே வருவதால் மாவின் மேல்பக்கம் சிவக்காது, நிறத்துக்காகக் காத்திருந்தால் பாகு கருகிவிடும். கவிழ்த்த பிறகு அந்த வெளிர் பக்கம் அடியில்தானே போகப்போகிறது. அந்த வகையில் இந்தக் குக்கீ அடுப்புச் சமையலுக்கு ஏற்றது.

வேறு பழங்கள்

அன்னாசிக்கு அடுத்து என் விருப்பம் நேந்திரன். பழுத்தும் இறுக்கம் குலையாத பழம் அது. அரை சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கி நெய்யில் ஒரு வாட்டு வாட்டி, நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டித் தூள், ஏலக்காய் ஒரு சிட்டிகை. ரஸ்தாளியும் பூவனும் குழைந்துவிடும்.

ஆப்பிளை 3 மில்லிமீட்டரில் சீவினால் வாட்டவே வேண்டாம், பட்டைத்தூள் தூவி அடுக்கலாம். மலைத்தோட்டத்துப் பேரிக்காய் கிடைக்கும் பருவத்தில் அதன் கடினமே இங்கே வரம். இதையும் ஆப்பிள் போலவே செய்யுங்கள். மாம்பழத்தில் பங்கனப்பள்ளி, அதுவும் முழுதாகக் கனியாமல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்போது. பலாச்சுளையை நீளவாக்கில் கீறி வாட்டி வைத்தால் அதன் மணத்துக்கு வெனிலாவே தேவையில்லை. ஆரஞ்சை வட்டமாக நறுக்கி வைப்பது பார்க்க அழகு, ஆனால் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். தோலைத் துருவி மாவில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தர்பூசணி, பப்பாளி வேண்டாம். வாட்டினாலும் தண்ணீர் தீராது.

பச்சை அன்னாசி பாலைத் திரிக்குமே, முட்டையில்லாத மாவில் பால் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பழத்தில் உள்ள புரோமலைன் என்னும் நொதியின் வேலை அது. சூட்டில் அது செயலிழந்துவிடும். கல்லில் வாட்டும்போதே பெரும்பகுதி போய்விடும்.

எடுத்து வைத்தல்

செய்த அன்று சாப்பிடுவதே சிறப்பு. டப்பாவில் மூடினால் மறுநாளே பழத்தின் ஈரம் குக்கீக்குள் இறங்கி மெத்தென்று கேக் போலாகிவிடும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் மொறுமொறுப்பு இருக்காது. இரண்டாம் நாளுக்கு வைப்பதென்றால் ஃபிரிட்ஜில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள். சாப்பிடும் முன் 150 டிகிரியில் ஐந்து நிமிடம். விருந்தாளி வரும் நாளுக்கு வேண்டுமென்றால் தட்டிய மாவு வட்டங்களை ஃப்ரீசரில் ஒரு மாதம்வரை வைக்கலாம்; பழத்தை மட்டும் அன்றைக்கு வாட்டி அடுக்கி, இரண்டு நிமிடம் கூடுதலாக பேக் செய்யுங்கள்.

முதலில் எடுத்து வைத்த நடுத்தண்டையும் நறுக்கும்போது பலகையில் வழிந்த சாற்றையும் கொட்டிவிடாதீர்கள். தண்டை இடித்து, சாற்றோடு சேர்த்துப் பருப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிளகு, சீரகம், தக்காளி போட்டுத் தாளித்தால் அன்று மதியத்துக்கு அன்னாசி ரசம் ஆயிற்று.